ஒரே சரக்கு, மூன்று எடை: ஐந்து அமைப்புகள் சேர்ந்து நடத்திய கஞ்சா வழக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ரயில் சந்திப்பு ஒன்றை மையமாகக் கொண்ட தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றில் நடந்த வழக்கு இது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பிறகு பதிவானது. ஆட்களின் பெயர், ஊர், நிலையம் எதுவும் இங்கே இல்லை. ஒன்றாகப் பணியாற்றிய ஐந்து அமைப்புகள்: மாநகரக் காவல், மாவட்டக் காவல், இருப்புப்பாதை காவல் (மாநிலக் காவலின் ரயில் பிரிவு), ரயில்வே பாதுகாப்புப் படை (மத்திய அரசின் படை), மாநில அளவிலான போதைப்பொருள் நுண்ணறிவுப் பிரிவு. பிரிவு எண்கள், வேறு சட்டம் குறிப்பிடாத இடங்களில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தைச் சேர்ந்தவை.

பின்னணி

மாநகரக் காவல் எல்லைக்கும் மாவட்டக் காவல் எல்லைக்கும் நடுவே ஒரு புறவழிச்சாலை. சில்லறை விற்பனை அந்தச் சாலையின் இரு பக்கமும் நடந்தது. ஒரு பக்கம் கெடுபிடி கூடினால் வியாபாரம் மறுபக்கம் நகரும். இரு தரப்பிலும் பிடிபட்டவை 100 கிராம், 250 கிராம் பொட்டலங்கள்தான். கஞ்சாவில் 1 கிலோ வரை ‘சிறு அளவு’. அதற்கு அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பிடிபட்டவர் சீக்கிரமே ஜாமீனில் வெளியே வருவார், அதே தெருவில் அடுத்தவர் உட்கார்ந்திருப்பார்.

ரயில் பக்கம் வேறு கதை. பொதுப்பெட்டியில் கழிவறை ஓரத்திலும் இருக்கைக்கு அடியிலும் கேட்பாரற்ற பைகள் கிடைத்தன. ரயில்வே பாதுகாப்புப் படை கைப்பற்றி இருப்புப்பாதை காவல் நிலையத்தில் ஒப்படைக்கும். எதிரி (குற்றம் சாட்டப்படுபவர்) பெயர் தெரியாது என்று வழக்கு பதிவாகும். எதிரி இல்லாத வழக்கைத் துரத்த எந்த நிலையத்திலும் ஆள் கிடையாது. கணக்கில் மட்டும் கிலோ ஏறும்.

கூட்டம் இல்லாத குறை எதுவும் இல்லை. 2016-இல் தொடங்கி 2019-இல் நான்கு அடுக்காக மாற்றியமைக்கப்பட்ட போதைப்பொருள் ஒருங்கிணைப்பு மையத்தின் மாவட்டக் குழு, ஆட்சியர் தலைமையில் கூடிக்கொண்டுதான் இருந்தது. பள்ளிக்கல்வி, சுகாதாரம், மருந்துக் கட்டுப்பாடு, வனம் என எல்லாத் துறையும் உட்காரும் அறையில் நாளை யாரைப் பிடிக்கப்போகிறோம் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்கவும் கூடாது. அது கொள்கைக்கும் விழிப்புணர்வுக்குமான இடம்.

முட்டிக்கொண்ட மாலை

ஒரு மாலை புறவழிச்சாலை ஓரத் தேநீர்க் கடை அருகே மாவட்டத் தனிப்படை ஓர் இருசக்கர வாகனத்தைக் கண்காணித்துக் கொண்டிருந்தது. விற்பவரை விட்டுப் பிடித்து, அவருக்குச் சரக்கு தருபவரை அடையாளம் காண்பது திட்டம். அதே வாகனத்தை மாநகரத் தனிப்படையும் வேறொரு தகவலின் பேரில் தேடி வந்தது. அவர்கள் வந்ததும் பிடித்துவிட்டார்கள். கையில் இருந்தது 150 கிராம். அரை மணி நேரத்தில் சரக்கு தருபவரின் இரண்டு கைபேசி எண்களும் அணைந்துவிட்டன. பிறகு பேசிப் பார்த்ததில், இரு படைகளுக்கும் தகவல் கொடுத்தவர் ஒரே ஆள் என்பதும் தெரிந்தது.

யார் மேல் தவறு என்ற வாக்குவாதம் இரண்டு நாள் ஓடியது. அதன் பிறகு ஐந்து அமைப்புகளிலிருந்தும் ஆளுக்கொருவராக ஐந்து அதிகாரிகள் மட்டும் அமரும் சிறு குழு உருவானது. நான்கு விதிகள் வைத்துக்கொண்டார்கள். ஒருவரைக் கண்காணிக்கத் தொடங்கும் முன் அவருடைய கைபேசி எண்ணையும் வாகன எண்ணையும் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே யாராவது ஏற்றியிருந்தால் அவரோடு பேசாமல் நகரக் கூடாது. ஓர் அமைப்பு தந்த தகவலை அதன் ஒப்புதல் இன்றி வெளியே தரக் கூடாது. தகவலாளியின் பெயர் எந்த இடத்திலும் எழுதப்படக் கூடாது. கடைசி விதிக்குச் சட்டத்தின் துணையும் உண்டு: தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 68-ஆம் பிரிவு.

சேர்த்து வைத்துப் பார்த்தபோது

முதல் வேலை பழைய வழக்குகளை ஒரே அட்டவணையில் ஏற்றியது. தேதி, எடை, பொட்டலத்தின் மேல் சுற்றிய டேப்பின் நிறம், உள்ளே வைத்திருந்த செய்தித்தாளின் மொழி, பிடிபட்டவரின் கைபேசி எண், யு.பி.ஐ. கணக்கு, வாகன எண். ஐந்து அலுவலகங்களின் கோப்புகளிலும் இந்த விவரங்கள் கிடந்தன. டேப் நிறம் மட்டும் பல மகஜர்களில் (கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் ஆவணங்களில்) இல்லை. சொத்து அறையில் போய்ப் பார்த்துக் குறிக்க வேண்டியிருந்தது.

இரண்டு விஷயங்கள் துலங்கின. கேட்பாரற்ற பைகளில் இருந்த 2 கிலோ பண்டல்களும், தெருவில் பிடிபட்ட சில்லறைச் சரக்கின் மேலுறையும் ஒரே பழுப்பு டேப், ஒரே தெலுங்குச் செய்தித்தாள். ஆந்திர–ஒடிசா எல்லை மலைப்பகுதியிலிருந்து ரயில் வழியாகச் சரக்கு வருவது புதிய செய்தி இல்லை. ஆனால் இந்த ஊரின் தெருவும் அந்த ரயிலும் இணையும் புள்ளி அதுவரை தாளில் இல்லை. இரண்டாவது, பைகள் கிடைத்த நாட்கள். வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு நாட்களில் வரும் ஒரு வண்டியில்தான் அவை கிடைத்தன. அதற்கு இரண்டு, மூன்று நாள் கழித்துத் தெருவில் சில்லறை வழக்குகள் கூடின.

கைபேசி அழைப்பு விவரங்களிலும் இதே நிலைதான். ஒவ்வொரு நிலையமும் தன் எதிரியின் பதிவை எஸ்.பி. அலுவலகம் வழியாக வாங்கி, தன் வழக்குக்கு மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தபோது நான்கு எதிரிகளின் பதிவுகளில் ஒரு பொது எண் வந்தது. அந்த எண், வண்டி வரும் நாட்களில் மட்டும் விடியற்காலை ரயில் நிலையப் பின்வாசல் கைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தது. இதற்குப் புது மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. சாதாரண விரிதாளில் ஓர் உதவி ஆய்வாளர் செய்த வேலை.

எங்கே பிடிப்பது: எடுத்த முடிவும் காரணமும்

குழுவுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன.

நடைமேடையிலேயே பிடிக்கலாம். பொது இடம் என்பதால் 43-ஆம் பிரிவு போதும், நடைமுறை எளிது. ஆனால் சிக்குவது சுமந்து வருபவர் மட்டுமே. பெரும்பாலும் கூலிக்கு வருபவர்.

சரக்கை விட்டுப் பதுக்குமிடம் வரை பின்தொடரலாம் என்று ஒருவர் சொன்னார். சரக்கைத் தெரிந்தே நகரவிட்டு இறுதிவரை பின்தொடர்வது 50ஏ பிரிவின்படி தேசியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரமளித்தவரோ செய்ய வேண்டியது. உள்ளூர்ப் படை தன் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. அந்த அனுமதிக்கு அவகாசம் இல்லை. பின்தொடர்கையில் சரக்கு கைநழுவினால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்: நிலையத்தைவிட்டு வெளியே வந்து, வாங்க வருபவரின் வாகனத்தில் சரக்கு ஏறியதும் மறிப்பது. இதனால் சுமந்து வந்தவர், வாங்க வந்தவர் இருவரும் சரக்கோடு சிக்குவார்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சாலை பொது இடம்தானே, 43 போதுமே என்று நினைப்பது இயல்பு. ஆனால் பொதுச் சாலையில் நிற்கும் தனியார் வாகனம் ‘பொது வாகனம்’ ஆகாது, அதைச் சோதனையிட 42-ஆம் பிரிவின் நடைமுறை வேண்டும் என்று பூட்டா சிங் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். சூரிய உதயத்துக்கு முன் வாரண்டு இல்லாமல் சோதனையிடுவதானால், வாரண்டு வாங்க ஏன் நேரமில்லை என்பதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். தகவலைப் பெற்ற மாநகர ஆய்வாளர் தன் உதவி ஆணையருக்கு ஒரு நகல் அனுப்பினார். மாநகர ஆய்வாளர் எழுத்தில் தந்த குறிப்பைப் பெற்ற நுண்ணறிவுப் பிரிவு ஆய்வாளர் தன் பதிவேட்டில் தனியாக ஏற்றி, தன் டி.எஸ்.பி.க்கு ஒரு நகல் அனுப்பினார். இரண்டு அலுவலகங்கள் கலந்த வழக்கில் ‘அவர் அனுப்பியிருப்பார்’ என்று இருவருமே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

கைப்பற்றுவது யார் என்பதும் முன்னிரவே எழுதி முடிவானது. ரயில்வே பாதுகாப்புப் படைக்கு 2019 ஏப்ரலிலிருந்து சோதனையிட, கைப்பற்ற, கைது செய்ய அதிகாரம் உண்டு. ஆனால் மேற்கொண்டு புலன் விசாரணைக்கு ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைப்பு ஒன்று கூடினால், சரக்கு யார் யாரிடம் இருந்தது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய கைமாற்றுச் சங்கிலியில் ஒரு கண்ணி கூடும். எனவே நுண்ணறிவுப் பிரிவு ஆய்வாளர் கைப்பற்றுவது, அதே பிரிவின் வேறொரு ஆய்வாளர் விசாரிப்பது என்று பிரித்தார்கள். கைப்பற்றியவரே விசாரித்தால் அந்த ஒரு காரணத்துக்காக வழக்கு விழாது என்று 2020-இல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனாலும் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியைக் குறைப்பது நல்லதே.

கைப்பற்றிய விடியற்காலை

வண்டி தாமதமாக 4.50-க்கு வந்தது. நடைமேடையில் ரயில்வே பாதுகாப்புப் படை சாதாரண உடையில், வெளியே மாநகரப் படை, மேம்பாலத்தின் அடியில் நுண்ணறிவுப் பிரிவு. மாநகர வாக்கி-டாக்கியும் ரயில்வே வாக்கி-டாக்கியும் ஒன்றையொன்று கேட்காது. கைபேசிக் குழுவில் செய்தி போட்டுக்கொண்டார்கள். அந்தக் குழுவில் செய்திகள் தானாக அழியும் அமைப்பு இயக்கத்தில் இருந்தது யார் கவனத்துக்கும் வரவில்லை.

இரண்டு பயணப் பைகளோடு இறங்கியவர் பின்வாசல் வழியாக வந்து ஒரு காரில் ஏற்றினார். 5.25-க்கு மறித்தார்கள். உள்ளே 12 பண்டல்கள்.

சுமந்து வந்தவருக்குத் தமிழ் தெரியாது. 50-ஆம் பிரிவின்படி, அருகிலுள்ள அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் தன்னைச் சோதனையிடக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். பையை மட்டும் சோதனையிட்டால் இது தேவையில்லை. பையோடு உடலையும் சோதனையிட்டால் தேவை. இருவருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு கொடுப்பது செல்லாது என்பதும் பரமானந்த் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்துவிட்டது. தனித்தனித் தாள் தயாராக இருந்தது, ஆனால் இரண்டும் தமிழில். தெலுங்கு தெரிந்த ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தாளை வரிவரியாகத் தெலுங்கில் படித்துச் சொன்னார். கீழே அவர் கைப்பட ‘படித்துக் காட்டி விளக்கினேன்’ என்று எழுதிக் கையொப்பமிட, சுமந்து வந்தவர் தெலுங்கில் கையொப்பமிட்டார். மொத்தம் ஐந்து நிமிட வேலை. இது நடந்திராவிட்டால் எதிர்த்தரப்பின் கையில் ஒரு வாதம் கூடியிருக்கும்.

சோதனையும் கைப்பற்றலும் 105-ஆம் பிரிவின்படி (சன்ஹிதாவின் பிரிவு) காணொளியில் பதிவாயின. சாட்சிகளாகக் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் வந்தார்கள்.

எடையில்தான் சிக்கல் தொடங்கியது. முதலில் ரயில்வே பாதுகாப்புப் படையினர், பைகளோடு அப்படியே, பார்சல் அலுவலகத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார்கள்: 27.4 கிலோ. பிறகு முத்திரையிட்ட மின்னணுத் தராசில் பண்டல் பண்டலாக நிறுத்தபோது மேலுறையோடு 25.2, மேலுறை நீக்கி 24.3. மகஜரில் ஏறியவை பின்னிரண்டும். முதல் எடை எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஆனால் செய்திக் குறிப்பில் ஏறியது. அன்று மதியம் ஓர் அமைப்பு ‘27 கிலோ கஞ்சா பறிமுதல்’ என்றும், மாலையில் இன்னொன்று ‘24 கிலோ’ என்றும் தனித்தனிச் செய்திக் குறிப்பு வெளியிட்டன. யார் பெயரில் வெளிவருவது என்ற போட்டிதான் காரணம். இதைச் சொல்லாமல் ஒருங்கிணைப்பைப் பற்றி எழுதுவதில் பயனில்லை.

மாதிரியும் காத்திருப்பும்

கைப்பற்றிய இடத்தில் மாதிரி எடுக்கவில்லை. 2022 டிசம்பரில் வந்த விதிகளின்படி மாதிரி எடுப்பது 52ஏ பிரிவின் கீழ் நடுவர் முன்னிலையில்தான். கஞ்சாவுக்கு ஒரு மாதிரி 24 கிராமுக்குக் குறையக் கூடாது, இரட்டையாக எடுக்க வேண்டும். மனு உடனே போட்டார்கள்; தேதி கிடைத்தது ஒன்பதாம் நாள். பாலித்தீனில் ஈரத்தோடு கட்டிவந்த சரக்கு, மேலுறை பிரித்த பின் சொத்து அறையில் காய்ந்தது. நடுவர் முன் நிறுத்தபோது நிகர எடை 23.6 கிலோ.

ஆக மூன்று வெவ்வேறு எண்கள் ஆவணத்துக்கு வந்துவிட்டன. கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, ஜாமீனுக்கு 37-ஆம் பிரிவின் கடும் நிபந்தனை. இந்த வழக்கில் 23.6 என்பது எல்லைக்கு மேலேயே இருந்ததால் தப்பித்தது. கைப்பற்றும்போது 20.5 கிலோ என்று இருந்திருந்தால் ஒன்பது நாள் உலர்ந்ததே வழக்கின் தன்மையை மாற்றியிருக்கும். சட்டத்தின் விளக்கப்படி கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. அதனால் மகஜரில் ‘பூ, இலை, விதை, காம்பு கலந்தது’ என்று எழுதியதோடு, ஒவ்வொரு பண்டலையும் பிரித்து நுனிகள் தெரியும்படி எடுத்த அண்மைப் படங்கள் பிறகு கைகொடுத்தன.

மகஜரின் நேரத்துக்கும் நிலையக் கண்காணிப்புக் கேமரா நேரத்துக்கும் 7 நிமிட வித்தியாசம் வந்தது. கேமராக் கடிகாரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பதிவை எடுக்கப் போன உதவி ஆய்வாளர், திரையில் தெரிந்த நேரத்தையும் கைபேசிக் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வரும்படி பதிந்து, அதைக் குறிப்பாகவும் எழுதி வைத்தார். நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது பதில் தயாராக இருந்தது.

பணத்தின் வழி

வாங்க வந்தவரின் கணக்கிலிருந்து மூன்றாம் நபர் ஒருவருக்குத் தொடர்ந்து பணம் போயிருந்தது. அன்றே பகலில் மாநகரப் படை அவர் வீட்டுக்குப் போய்க் கைது செய்தது. கைபேசியைக் கைப்பற்றிய கையோடு நிலையத்தில் திறந்து பார்த்து, திரையை இன்னொரு கைபேசியில் படம் எடுத்தார்கள். உறையிட்டு முத்திரை வைத்தது மாலையில். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் அந்தப் படங்களுக்குக் கொடுக்கப்பட்டது. கைபேசிக்கும் அதன் ஹாஷ் மதிப்புக்கும் (தரவு மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) அல்ல. இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்ததால் இடைப்பட்ட நேரத்தில் கருவியில் தரவு மாறியிருந்தது.

சொத்து முடக்கம் 68எஃப் பிரிவில். உத்தரவிட்ட 48 மணி நேரத்துக்குள் தகுதி அதிகாரிக்கு நகல் போக வேண்டும், 30 நாளுக்குள் அவர் உறுதிப்படுத்தாவிட்டால் உத்தரவு செல்லாது. வங்கிக் கணக்கும் காரும் இந்தக் கெடுவுக்குள் உறுதியாயின. மூன்றாம் நபரின் குடும்பத்தார் பெயரில் வாங்கிய மனைக்கு வில்லங்கச் சான்று வந்து சேர்வதற்குள் காலம் போய்விட்டது; அதை முதல் உத்தரவில் சேர்க்க முடியவில்லை.

விளைவு

குற்றப்பத்திரிகை 171-ஆம் நாள் தாக்கலானது. 36ஏ(4) தரும் அவகாசம் 180 நாள். தடய அறிவியல் அறிக்கையும் வங்கி ஆவணமும் எந்த அலுவலகத்தில் நிற்கின்றன என்று கேட்டுக்கொண்டிருக்க ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்காததால், கடைசி மூன்று வாரம் ஓட்டமும் நடையுமாகப் போனது. நீதிமன்ற நீட்டிப்பு இல்லாமல் 180-ஐத் தாண்டியிருந்தால் இயல்பு ஜாமீன், அதாவது தாமதத்தாலேயே எதிரிக்கு உரிமையாகும் ஜாமீன்.

விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டியது இரண்டு செய்திக் குறிப்புகளை. 27 கிலோவில் 3 கிலோ எங்கே போனது என்பதே கேள்வி. பார்சல் அலுவலகத் தராசில் நிறுத்த காவலரைக் கூடுதல் சாட்சியாக அழைத்து, பைகளோடு சேர்த்த எடை அது என்று சொல்லவைக்க வேண்டியதாயிற்று. மொழிபெயர்த்த காவலர் அதற்குள் வேறு கோட்டத்துக்கு மாற்றலாகியிருந்தார். அழைப்பாணை மூன்று முறை திரும்பி வந்தது. கைபேசிக் குழுச் செய்திகளைக் கேட்டபோது தர எதுவும் இல்லை.

சுமந்து வந்தவருக்கும் வாங்க வந்தவருக்கும் தலா 10 ஆண்டு கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். பணம் கையாண்டவர் சந்தேகத்தின் பலனில் விடுதலை. வங்கிக் கணக்கில் வந்தது சீட்டுப் பணம் என்றார் அவர். அதை மறுக்கக்கூடிய ஆதாரம் கைபேசியில் இருந்தது, கைபேசி சான்றாக நிற்கவில்லை. வாங்க வந்தவர் விசாரணையில் அவரைப் பற்றிச் சொன்னது உதவவில்லை. விசாரணை அதிகாரியிடம் தரும் 67-ஆம் பிரிவு வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரிலேயே முடிவாகிவிட்டது.

தெருவில் சில வாரங்கள் சரக்கு கிடைக்கவில்லை. பிறகு ஆம்னிப் பேருந்துப் பார்சல் வழியாக வரத் தொடங்கியது. அனுப்பியவர் இருக்கும் மாநிலத்தின் காவலுக்கு எழுதிய கடிதத்துக்குக் கிராமத்தின் பெயர் வரை பதில் வந்தது, கைது நடக்கவில்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

குழு கலையவில்லை. செய்திக் குறிப்பு இப்போது ஒன்றே ஒன்று: மகஜரின் நிகர எடையோடு, ஐந்து அமைப்புகளின் பெயரோடு, விசாரணை அதிகாரி பார்த்த பிறகு வெளியாகிறது. மகஜருக்கு முன் யாரும் எந்தத் தராசிலும் வைப்பதில்லை. வைத்தால் அதுவும் எழுத்தில் ஏற வேண்டும். 50-ஆம் பிரிவு அறிவிப்பு தெலுங்கு, ஒடியா, இந்தி, மலையாளத்தில் அச்சிட்டு வண்டியிலேயே இருக்கிறது.

கைபேசி கிடைத்தவுடன் விமானப் பயன்முறை, சாட்சிகள் முன் உறை, முத்திரை. திறப்பது ஆய்வகம் மட்டும். நடவடிக்கை நடக்கும் நேரத்தில் கைபேசிக் குழுவுக்குப் பதில் ஓர் அமைப்பின் வாக்கி-டாக்கிகளையே மற்றவர்களுக்கும் கொடுத்து, கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் நேரத்தோடு கையால் குறிக்கிறார். சாட்சியான ஒவ்வொரு காவலரின் மாற்றலையும் அந்தந்த அமைப்பு விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை ரயில்வே தரப்பு இன்னும் எழுத்தில் ஏற்கவில்லை.

சொத்து விசாரணையைக் கைதுக்குப் பிறகு தொடங்கும் பழக்கம் மாறவில்லை. கண்காணிப்பு தொடங்கும் நாளிலேயே வில்லங்கச் சான்றுக்கும் வாகனப் பதிவு விவரத்துக்கும் எழுதினால் 30 நாள் கெடு நெருக்காது. அதற்கு ஆள் வேண்டும் என்று மாவட்டக் காவல் கேட்டிருக்கிறது. பேருந்துப் பார்சல் அலுவலகங்களைக் கவனிக்கும் பொறுப்பை மாநகரமா மாவட்டமா எடுத்துக்கொள்வது என்பது அடுத்த கூட்டத்தின் முதல் பொருள். அந்த அலுவலகங்களில் பாதி புறவழிச்சாலையின் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.